அலோபிரெக்னனலோன் பிட்யூட்டரி செல்லில் எஃப்எஸ்எச்-பீட்டா மரபணுவை எந்த வழியாகத் தூண்டுகிறது?

கேள்வி: கயல்விழி

அனைவருக்கும் வணக்கம். நாளமில்லாச் சுரப்பியியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மூளையே தயாரித்துக்கொள்ளும் ஸ்டீராய்டுகள், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் செல்களில் ஹார்மோன் மரபணுக்களின் வெளிப்பாட்டை மாற்றுகின்றனவா என்பதே என் ஆய்வுக் கேள்வி. சுண்டெலியின் கொனடோட்ரோப் செல்வரிசையான எல்பீட்டாடி2-வில் வேலை செய்கிறேன். சினைப்பையையும் விந்தகத்தையும் இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் உண்டாக்குபவை இந்தக் கொனடோட்ரோப் செல்களே. இரண்டுக்கும் ஆல்ஃபா துணையலகு பொது. பீட்டா துணையலகுதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. அதனால் எல்எச்-பீட்டா, எஃப்எஸ்எச்-பீட்டா என்னும் இரண்டு மரபணுக்களின் எம்ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் செய்திப்படி) அளவுகளைத்தான் பார்த்துவருகிறேன்.

கொலஸ்டிராலிலிருந்து பிரெக்னனலோன், அதிலிருந்து புரோஜெஸ்டிரோன், பிறகு 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியால் டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன், கடைசியில் இன்னொரு நொதியால் அலோபிரெக்னனலோன் என்று அந்தப் பாதை இறங்குவது உங்களுக்குத் தெரிந்ததே. அலோபிரெக்னனலோன் காபா-ஏ ஏற்பியின் (காபா என்னும் நரம்புக் கடத்தி சேர்ந்தால் திறக்கும், சவ்விலுள்ள குளோரைடு வாயில்) வேலையைக் கூட்டுகிறது என்றும், செல்கருவுக்குள் இருக்கும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியோடு அது சேர்வதில்லை என்றும் படித்திருக்கிறேன். ஆகவே அது ஒரு மரபணுவைப் பாதிக்க வேண்டுமானால் காபா-ஏ வழியாக, சவ்வின் மின்னழுத்தம், கால்சியம் என்று சுற்றித்தான் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சோதனையில் நடந்தது வேறு. 24 மணி நேரம் அலோபிரெக்னனலோன் கொடுத்த செல்களில் எஃப்எஸ்எச்-பீட்டா எம்ஆர்என்ஏ தெளிவாக உயர்ந்தது. எல்எச்-பீட்டா கிட்டத்தட்ட அசையவில்லை. காபா-ஏ ஏற்பியைத் தடுக்கும் பிக்குகுல்லினைச் சேர்த்துப் பார்த்தபோதும் உயர்வு குறையவில்லை. அடுத்த மாதம் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது எஃப்எஸ்எச்-பீட்டாவிலும் உயர்வு ஏறக்குறையக் காணாமலே போய்விட்டது. செல்லும் மருந்தும் கையும் மாறவில்லை. காபா-ஏ வழி இல்லையென்றால் எந்த வழி? ஒரு மாதம் தெரிந்த விளைவு மறு மாதம் ஏன் மறைந்தது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: கண்ணாடிக்குடுவை

உங்கள் முதல் கேள்விக்கான விடை, நீங்கள் சொன்ன பாதையின் கடைசிப் படியிலேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோனை அலோபிரெக்னனலோனாக மாற்றும் படி ஒருவழிப் பாதை அன்று. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் செய்யும் படி நடைமுறையில் திரும்பாதது. ஆனால் அதற்கு அடுத்த படி, செல்லில் எந்த நொதி இருக்கிறது, எந்தத் துணைநொதி அதிகம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து இரு திசையிலும் ஓடும். அதாவது நீங்கள் தட்டில் ஊற்றியது அலோபிரெக்னனலோன் என்றாலும், 24 மணி நேரத்தின் முடிவில் செல்லுக்குள் இருப்பதில் ஒரு பகுதி டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோனாகத் திரும்பியிருக்கக்கூடும். அது புரோஜெஸ்டிரோன் ஏற்பியோடு நன்றாகவே சேரும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. 1993-இல் ருப்ரெக்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மனித நியூரோபிளாஸ்டோமா செல்களில் இதைக் காட்டினார்கள். ஏற்பியோடு நேரடியாகச் சேராத 3-ஆல்ஃபா வகை ஸ்டீராய்டுகள், செல்லுக்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்த பின் புரோஜெஸ்டிரோன் ஏற்பி வழியாக மரபணு வெளிப்பாட்டை மாற்றின. "சேர்வதில்லை" என்று நீங்கள் படித்த வாக்கியம் சரியானதுதான். சோதனைக்குழாயில் ஏற்பியையும் ஸ்டீராய்டையும் தனியே கலந்து பார்த்தால் கிடைக்கும் உண்மை அது. நொதிகள் நிறைந்த உயிருள்ள செல்லுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

உங்கள் முடிவின் வடிவமும் இதோடு ஒத்துப்போகிறது. எல்பீட்டாடி2 செல்களில் புரோஜெஸ்டின்கள் எஃப்எஸ்எச்-பீட்டா மரபணுவை உயர்த்துகின்றன என்று தாக்கரேயும் மெலனும் 2006-இல் காட்டினார்கள். ஆண்ட்ரோஜன்களும் குளுக்கோகார்ட்டிகாய்டுகளும் அதே மரபணுவை உயர்த்தின. எஃப்எஸ்எச்சைத் தூண்டும் புரதமான ஆக்டிவினும் கூடச் சேர்ந்தால் விளைவு இன்னும் பெருகுகிறது. எல்எச்-பீட்டாவிலோ புரோஜெஸ்டிரோன் எதிர்த்திசையில் செயல்பட்டு, பிட்யூட்டரியை ஆளும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோன் கொடுக்கும் தூண்டலைக் கீழே இழுக்கிறது. ஒரே செல்லில், ஒரே ஏற்பி வழியாக, ஒரு மரபணு ஏறவும் மற்றது இறங்கவும் முடியும் என்பது முதன்முறை படித்தபோது எனக்கு நம்பக் கடினமாகத்தான் இருந்தது. எஃப்எஸ்எச்-பீட்டா மட்டும் உயர்ந்தது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் காபாவை விட்டுவிட்டுப் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை நினைத்தேன்.

சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. கனக்சலோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு, 3-ஆம் இடத்தில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி கொண்ட அலோபிரெக்னனலோன்தான். அந்த மெத்தில் தொகுதி இருப்பதால் அதை ஆக்சிஜனேற்றி டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் வகைக்குத் திருப்ப முடியாது. காபா-ஏ மீதான வேலை மட்டும் அப்படியே இருக்கும். வலிப்பு மருந்தாக 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பொருள் என்பதால் வாங்குவதும் கடினமில்லை. அலோபிரெக்னனலோன் எஃப்எஸ்எச்-பீட்டாவை உயர்த்தி, கனக்சலோன் உயர்த்தாமல் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. பக்கத்திலேயே டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோனை மட்டும் கொடுத்த ஒரு வரிசையும், புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் ஆர்யூ486 சேர்த்த ஒரு வரிசையும் வையுங்கள். ஆர்யூ486 குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியையும் தடுக்கும் என்பதையும், குளுக்கோகார்ட்டிகாய்டும் எஃப்எஸ்எச்-பீட்டாவை உயர்த்தக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஒரு வரிசையை மட்டும் நம்பி முடிவெழுதினால் மதிப்பீட்டாளர் விடமாட்டார்.

இரண்டாம் கேள்விக்கு வருமுன் ஒன்று தெரிய வேண்டும். செல்களை எந்த ஊடகத்தில், எந்த சீரத்தில் வளர்க்கிறீர்கள்? ஸ்டீராய்டு கொடுக்கும் நாளில் அதை மாற்றுகிறீர்களா?


பதில்: துருக்கிச்சேணம்

நான் ஆய்வகத்தில் இருப்பவன் அல்லன். நாளமில்லாச் சுரப்பி நோய்களைப் பார்க்கும் மருத்துவன். பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கு மருத்துவர்கள் வழங்கும் பெயரைத்தான் என் பயனர்பெயராக வைத்திருக்கிறேன். மேலே சொன்ன வேதியியலில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கேள்வியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மூளை ஸ்டீராய்டு என்ற கருத்தே 1981-இல் எட்டியன்-எமில் போலியூவின் குழு எலி மூளையில் டிஎச்இஏ சல்ஃபேட் என்னும் ஸ்டீராய்டைக் கண்டறிந்ததில் இருந்து வளர்ந்தது. அட்ரினல் சுரப்பிகளையும் விந்தகங்களையும் அகற்றிய பிறகும் மூளையில் அது குறையாமல் இருந்ததே அன்றைய வியப்பு. ஆனால் மூளையில் உண்டாவது வேறு, அது பிட்யூட்டரியை நேரடியாகப் போய்ச் சேர்வது வேறு. பிட்யூட்டரியின் முன்மடல் இரத்த–மூளைத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. சினைப்பை மாதந்தோறும் சுரக்கும் புரோஜெஸ்டிரோனில் அது நேராகவே குளிக்கிறது. அதன்முன் மூளையின் ஒரு மூலையில் உண்டாகும் சிறு அளவு, கீழே கொனடோட்ரோப் செல்லுக்கு எவ்வளவு பொருட்டு? அலோபிரெக்னனலோனுக்கும் இது பொருந்தும். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் இரத்தத்தில் அது சில நானோமோலார் அளவில்தான் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பன்மடங்கு கூடுகிறது. மைக்ரோமோலார் அளவை ஊற்றிவிட்டு அதை உடலியல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

மூளை ஸ்டீராய்டு பிட்யூட்டரி மரபணுக்களை மாற்றும் உறுதியான வழி, என் கணிப்பில், ஹைப்போதலாமஸ் வழியாகச் செல்லும் மறைமுக வழியே. அதற்கு மிகத் தெளிவான சான்று பால் மிசெவிச்சின் குழு எலிகளில் செய்த வேலை. சினைப்பைகளும் அட்ரினல் சுரப்பிகளும் அகற்றப்பட்ட எலிக்கு ஈஸ்ட்ரடயோல் கொடுத்தால், வெளியிலிருந்து ஒரு துளி புரோஜெஸ்டிரோன் வராதபோதும் எல்எச் பேரெழுச்சி ஏற்படுகிறது. அதற்கு முன்பே ஹைப்போதலாமஸில் புரோஜெஸ்டிரோன் கூடியிருக்கிறது. அதை அங்கே உண்டாக்குபவை ஆஸ்ட்ரோசைட் என்னும் நரம்புத் துணைச் செல்கள். டிரிலோஸ்டேன் கொடுத்து அந்த உற்பத்தியை நிறுத்தினால் பேரெழுச்சியும் நின்றுவிடுகிறது. உடலின் மற்ற இடங்களில் புரோஜெஸ்டிரோனை உண்டாக்கும் சுரப்பிகளையெல்லாம் எடுத்துவிட்ட பின் செய்த சோதனை என்பதால்தான் அதற்கு இவ்வளவு எடை.

அங்கிருந்து பிட்யூட்டரி மரபணுவுக்கு வரும் செய்தி, ஜிஎன்ஆர்எச் துடிப்புகளின் வேகத்தில் எழுதப்பட்டு வருகிறது. 1978-இல் நோபிலின் குழு, ஹைப்போதலாமஸில் புண் ஏற்படுத்திய ரீசஸ் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் 6 நிமிடம் ஜிஎன்ஆர்எச் செலுத்தியபோது எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் மீண்டன. அதையே நிறுத்தாமல் தொடர்ந்து செலுத்தியபோது இரண்டும் அடங்கிவிட்டன. துடிப்பு வேகமாக வந்தால் எல்எச்-பீட்டா மரபணுவும், மெதுவாக வந்தால் எஃப்எஸ்எச்-பீட்டா மரபணுவும் முந்துகின்றன என்பது பின்னர் எலிகளிலும் செல்களிலும் உறுதியானது. புரோஜெஸ்டிரோன் அந்தத் துடிப்பை மெதுவாக்குகிறது. ஆக, தட்டில் உள்ள செல்லில் புரோஜெஸ்டின் நேராகச் செய்வதும், உடலில் துடிப்பைக் குறைத்து மறைமுகமாகச் செய்வதும் ஒரே திசையில், எஃப்எஸ்எச்-பீட்டாவின் பக்கமே சாய்கின்றன. இதனால்தான் முழு விலங்கில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அந்த வகையில் உங்கள் செல்வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.


கயல்விழி

இருவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சுட்டிக்காட்டிய குறை என்னுடையதே. 100 நானோமோலார், 1 மைக்ரோமோலார் என இரண்டு அளவுகள் கொடுத்தேன். முதல் முறை உயர்வு இரண்டிலும் தெரிந்தது, ஆனால் 1 மைக்ரோமோலாரில்தான் நன்றாகத் தெரிந்தது.

ஊடகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபீனால் ரெட் கலந்த வழக்கமான டிஎம்இஎம் ஊடகத்தில் 10 விழுக்காடு கன்றுக்கருச் சீரம். ஸ்டீராய்டு கொடுக்கும் நாளிலும் அதை மாற்றுவதில்லை. ஆய்வகத்தில் எனக்கு முன்பிருந்தவர்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். இப்போது குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் பழைய சீரம் தீர்ந்து வேறொரு தொகுப்பு எண்ணுள்ள புட்டி திறக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தேதியை நானே என் கையெழுத்தில் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அது முக்கியம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.


பதில்: கண்ணாடிக்குடுவை

நீங்கள் ஓரத்தில் குறித்த அந்தத் தேதியிலேயே இரண்டாம் கேள்விக்கான விடையும் இருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

பிட்யூட்டரி செல்களில் புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் அளவு நிலையானது அன்று. ஈஸ்ட்ரோஜன் அதை உயர்த்துகிறது. கன்றுக்கருச் சீரத்தில் ஈஸ்ட்ரடயோல், புரோஜெஸ்டிரோன், கார்ட்டிசோல் எல்லாமே இருக்கும், புட்டிக்குப் புட்டி வேறு அளவில் இருக்கும். போதாக்குறைக்கு, வணிக ஃபீனால் ரெட் சாயமே ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்கிறது என்று 1986-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே உங்கள் முதல் மாதச் செல்களில் ஏற்பி நிறைய இருந்து, திரும்பி உண்டான டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் அதைப் பிடித்திருக்கலாம். இரண்டாம் மாதம் ஏற்பி குறைவாக இருந்திருக்கலாம். அல்லது புதிய சீரத்திலேயே புரோஜெஸ்டிரோனோ கார்ட்டிசோலோ கூடுதலாக இருந்து, கட்டுப்பாட்டுச் செல்களின் எஃப்எஸ்எச்-பீட்டா முன்கூட்டியே உயர்ந்து நின்றதால் நீங்கள் கொடுத்தது தனியாகத் தெரியாமல் போயிருக்கலாம். இந்த இரண்டில் எது என்பதை இப்போதே ஓரளவு சொல்ல முடியும்: இரண்டு மாதங்களின் கட்டுப்பாட்டுச் செல்களுடைய மூல சிடி மதிப்புகளைப் (எத்தனையாவது பிசிஆர் சுழற்சியில் எம்ஆர்என்ஏ கண்டறியப்படுகிறது என்ற எண்; குறைந்தால் எம்ஆர்என்ஏ கூடுதல்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மடங்கு மாற்றமாகச் சுருக்கிய வரைபடத்தில் அது மறைந்துபோகும். உறையறையில் பழைய ஆர்என்ஏ மீதமிருந்தால் புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கும் ஒரு க்யூபிசிஆர் ஓட்டிவிடுங்கள். ஒரு நாள் வேலை.

இனிச் செய்யும்போது ஃபீனால் ரெட் இல்லாத ஊடகமும், கரித்தூளால் ஸ்டீராய்டு நீக்கிய சீரமும் பயன்படுத்துங்கள். சோதனைக்கு முன் இரண்டு நாளாவது செல்கள் அதில் இருக்கட்டும். அப்படிச் செய்தால் ஏற்பி அளவு தாழ்ந்து விளைவே இல்லாமல் போகலாம். அது தோல்வி அன்று. அங்கே ஈஸ்ட்ரடயோலை நீங்களே அளந்து சேர்த்து, ஏற்பி திரும்புவதையும் விளைவு திரும்புவதையும் சேர்த்துக் காட்டினால் அதைவிட வலுவான சான்று வேறு வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் இதே சீரத் தொல்லையில் எனக்கு ஏழெட்டு மாதம் வீணாயிற்று. அன்று முதல் புட்டியின் தொகுப்பு எண்ணைத் தட்டின் மூடியிலேயே எழுதுகிறேன்.

ஒப்பீட்டு மரபணுவையும் சரிபாருங்கள். வழக்கமாக அதற்கு எடுக்கும் ஜிஏபிடிஎச் ஸ்டீராய்டுக்கு அசையாது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எம்ஆர்என்ஏ உயர்ந்தது என்பதாலேயே படியெடுப்பு கூடிற்று என்றும் ஆகாது, அது சிதைவது குறைந்திருந்தாலும் அதே எண் வரும். படியெடுப்பை நிறுத்தும் ஆக்டினோமைசின்-டி கொடுத்துச் சிதைவு வேகத்தைப் பார்ப்பதும், எஃப்எஸ்எச்-பீட்டா புரோமோட்டரை (மரபணுவை இயக்கும் பகுதி) ஒளியுண்டாக்கும் லூசிஃபெரேஸோடு இணைத்துப் பார்ப்பதும் பிற்பாடு தேவைப்படும்.


பதில்: நுண்ணோக்கி

காபா-ஏ வழியை இவ்வளவு விரைவில் மூட்டை கட்ட வேண்டாம் என்று சொல்லவே வந்தேன்.

மூளையில் காபா என்றாலே அடக்குவது என்று பழகிவிட்டோம். எலியின் முன்மடல் பிட்யூட்டரி செல்களில் காபா-ஏ ஏற்பி திறந்தால் செல்லின் மின்னழுத்தம் பெரும்பாலும் மேலேறுகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. செல்லுக்குள் குளோரைடு செறிந்திருப்பதே காரணம். வாயில் திறந்ததும் குளோரைடு உள்ளே வராமல் வெளியே போகிறது. ஆகவே அலோபிரெக்னனலோன் இங்கே தூண்டும் திசையில் வேலை செய்வதற்கு இடமிருக்கிறது. ஆனால் அந்த விளைவு நொடிகளிலும் நிமிடங்களிலும் நிகழ்வது, சுரப்பைத்தான் முதலில் மாற்றும். 24 மணி நேரம் கழித்து ஒரே ஒரு புள்ளியில் எம்ஆர்என்ஏவை எடுத்தால் அது கண்ணில் படாது. எல்எச்-பீட்டாவுக்கு ஜிஎன்ஆர்எச் செய்தியைக் கொண்டுபோகும் ஈஜிஆர்1 போன்ற உடனடி மரபணுக்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். 30 நிமிடம், 1 மணி, 4 மணி, 24 மணி என்று எடுத்தால்தான் இரண்டு வழிகளும் தனித்தனியே தெரியும்.

இன்னொன்று, நீங்கள் பயன்படுத்திய பிக்குகுல்லின் எந்த உப்பு? மெத்தயோடைடு போன்ற உப்புகள் எஸ்கே வகைப் பொட்டாசிய வாயில்களையும் அடைக்கின்றன. கொனடோட்ரோப் செல்லில் ஜிஎன்ஆர்எச் எழுப்பும் கால்சிய அலையோடு சேர்ந்து ஆடுவதே அந்த வாயில்கள்தான். அப்படியிருக்க, தடுப்பான் சேர்த்தும் உயர்வு குறையவில்லை என்பதை எப்படிப் படிப்பது? காபா-ஏ விளைவு குறைந்த அதே வேளையில் பொட்டாசிய வாயில் அடைபட்டுக் கால்சியம் கூடியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்திருக்கும். பிக்ரோடாக்சின் காபா-ஏ வாயிலின் துளையையே அடைப்பது. அதையும் ஒரு வரிசையில் வையுங்கள். அதற்கும் முன்பாக, உங்கள் கையிலுள்ள எல்பீட்டாடி2 செல்கள் காபா-ஏ துணையலகுகளை வெளிப்படுத்துகின்றனவா என்பதை ஒரு பிசிஆரில் பார்த்துவிடுங்கள். ஏற்பியே இல்லாத செல்லில் தடுப்பான் வேலை செய்யவில்லை என்று எழுதுவதில் பொருளில்லை.

கண்ணாடிக்குடுவை சொன்ன கனக்சலோன் யோசனையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சவ்விலுள்ள புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளில் டெல்டா வகையோடு அலோபிரெக்னனலோன் சேர்கிறது என்று தாமஸின் குழு 2012-இல் காட்டியிருப்பதால், கனக்சலோனில் விளைவு மறைந்தாலும் அந்த வழியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே ஆர்யூ486 உதவாது. அது செல்கரு ஏற்பிக்கான தடுப்பான்.


கயல்விழி

பழைய கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். புதிய சீரத்தில் வளர்ந்த கட்டுப்பாட்டுச் செல்களில் எஃப்எஸ்எச்-பீட்டாவின் சிடி மதிப்பு முதல் மாதத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கிறது. அதாவது நான் எதுவும் கொடுக்கும் முன்பே அந்த மரபணு உயர்ந்துதான் நின்றிருக்கிறது. அலோபிரெக்னனலோன் கொடுத்த செல்களின் மதிப்பு இரண்டு மாதமும் ஏறக்குறைய ஒன்றேதான். மறைந்துபோனது விளைவு என்று நினைத்தேன். உண்மையில் உயர்ந்தது அடித்தளம். கண்ணாடிக்குடுவை சொன்ன இரண்டு வாய்ப்புகளில் இரண்டாவதே பொருந்துகிறது.

பிக்குகுல்லின் புட்டியையும் போய்ப் பார்த்தேன். மெத்தயோடைடுதான்.

கரித்தூள் சீரத்துக்கும், கனக்சலோனுக்கும், பிக்ரோடாக்சினுக்கும் வாங்கல் படிவம் எழுதிவிட்டேன். முதலில் 10, 100 நானோமோலார் அளவுகளில் அலோபிரெக்னனலோன், டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன், கனக்சலோன் மூன்றையும், ஈஸ்ட்ரடயோல் சேர்த்தும் சேர்க்காமலும், நான்கு நேரப் புள்ளிகளில் ஓட்டப் போகிறேன். ஊடகத்தின் ஒரு பகுதியை எடுத்துவைத்து, 24 மணி நேரத்தின் முடிவில் அதில் டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் உண்டாகியிருக்கிறதா என்று நிறை நிறமாலை அளவியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பார்க்கத் துறையிலுள்ள வேதியியல் நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவு எதுவானாலும் இதே இழையில் எழுதுகிறேன்.